ஏவல் வினா: ஆட்டிசமும் ஆலைப் பேச்சும்

“தம்பி, நாளைக்கு ஓ.டி. பாக்குறியா?”

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பக்கம் ஷிஃப்ட் முடிகிற நேரத்தில் எந்த ஆலைக்குள் நின்றாலும் காதில் விழக்கூடிய வாக்கியம் இது. வடிவத்தில் கேள்வி. ‘பாக்குறேண்ணே’ என்பதற்கும் ‘இல்லண்ணே, முடியாது’ என்பதற்கும் அதில் சம இடம் ஒதுக்கியிருப்பதுபோல ஒரு தோற்றம். கேட்கிற லைன் லீடருக்கும், கேட்கப்படுகிற பையனுக்கும், பக்கத்தில் கையுறையைக் கழற்றிக்கொண்டிருக்கிற நாலு பேருக்கும் இது கேள்வியில்லை என்று தெரியும். தெரியாத ஒருவரும் அங்கே இருக்கக்கூடும். அவர் அதைக் கேள்வியாகவே எடுத்துக்கொண்டு, நாளைக்குத் தன் உடம்பு தாங்குமா என்று ஒரு கணம் யோசித்து, “இல்ல சார், பாக்கல” என்று சொல்லிவிட்டுக் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்கப் போய்விடுகிறார். அந்தப் பதிலில் எதிர்ப்பு கிடையாது, கோபம் கிடையாது. கேட்டதற்குப் பதில், அவ்வளவுதான். மறுநாளிலிருந்து அவருக்கு ஒரு பேர் ஒட்டிக்கொள்கிறது: ‘திமிரு புடிச்சவன்’. கொஞ்சம் இரக்கமுள்ளவர்கள் ‘ஆளு ஒரு மாதிரி’ என்பார்கள். காண்ட்ராக்ட் புதுப்பிக்கிற பட்டியல் தயாராகும்போது அந்தப் பேர் தன் வேலையைச் செய்யும். காரணத்தை யாரும் அவருக்கு எழுதித்தரப்போவதில்லை.

குறிப்பிட்ட ஓர் ஆளை மனதில் வைத்து இதை எழுதவில்லை. ஆட்டிசம் உள்ள, ஆனால் தனக்கு அப்படியொன்று இருப்பதாக ஒருநாளும் சொல்லப்பட்டிராத, வளர்ந்த ஆண்களும் பெண்களும் வேலையிடங்களில் படுகிற பாட்டின் சுருக்கம் என்று இவரை எடுத்துக்கொள்ளலாம். தமிழில் ஆட்டிசம் பற்றி எழுதப்படுவதெல்லாம் பெரும்பாலும் குழந்தைகளைப் பற்றி, அல்லது அவர்களுடைய பெற்றோருக்கு ஆறுதலாக. யெஸ். பாலபாரதியின் ‘துலக்கம்’ நாவல்கூட தொலைந்துபோன ஒரு சிறுவனைப் பற்றியதுதான். அந்தச் சிறுவர்கள் வளர்ந்து, ஐ.டி.ஐ. முடித்து, அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறார்கள் என்கிற எண்ணமே நம் எழுத்தில் இன்னும் சரியாக நுழையவில்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு, 2021இல் உலகெங்கும் 127 பேரில் ஒருவருக்கு ஆட்டிசம் இருந்தது என்கிறது. உலகச் சராசரியை ஒரு தொழிற்பேட்டையின் தலையில் அப்படியே கவிழ்க்க முடியாதுதான். வேலைக்கு எடுக்கும்போதே எத்தனையோ பேர் வடிகட்டப்படுகிறார்கள். இருந்தாலும், பல்லாயிரம் பேர் வேலை செய்கிற இடத்தில் இவர்கள் யாருமே இல்லை என்று சொல்லவும் முடியாது.

‘பாக்குறியா?’வுக்குத் தமிழ் இலக்கணத்தில் ஒரு பேர் உண்டு. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி எழுதிய நன்னூல் வினாவை ஆறு வகையாகப் பிரிக்கிறது. தெரிந்தே கேட்பது, தெரியாமல் கேட்பது, ஐயத்தில் கேட்பது, வாங்கக் கேட்பது, கொடுக்கக் கேட்பது என்று ஐந்து. ஆறாவது ஏவல் வினா, அதாவது வேலை ஏவுவதற்காகக் கேட்கிற கேள்வி. இன்றைய பத்தாம் வகுப்புப் பாடநூலில் இதற்கு ஓர் உதாரணம் வருகிறது: வீட்டில் தக்காளி இல்லை, நீ கடைக்குப் போகிறாயா என்று அக்கா தம்பியிடம் கேட்பது. தம்பி ‘போகல’ என்று சொன்னால் என்னவாகும் என்பதைப் பாடநூல் சொல்வதில்லை.

விடைகளையும் நன்னூல் எட்டாகப் பிரித்திருக்கிறது. அதில் மூன்றுதான் நேரடி: சுட்டிச் சொல்வது, மறுப்பது, ஒப்புக்கொள்வது. மீதி ஐந்தும் சுற்றிவளைத்து வருகிறவை. ‘வருவாயா?’ என்றால் ‘வராமல் இருப்பேனா?’ என்பது ஒன்று, ‘விளையாடலையா?’ என்றால் ‘கால் வலிக்குது’ என்பது இன்னொன்று. பதில் என்று பார்த்தால் இவை பதிலே அல்ல, ஆனாலும் பதிலாகக் கொள்ளப்படும் என்று இலக்கணம் ஏற்றுக்கொள்கிறது. எட்டில் ஐந்து! தமிழில் பேசுவதென்றால் பெரும்பகுதி பேசாததைப் பேசுவதுதான் என்பது எண்ணூறு வருஷத்துக்கு முன்பே கணக்கெடுக்கப்பட்ட விஷயம். இங்கே எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. பவணந்தி இதைச் சூத்திரமாக எழுதி மாணாக்கருக்குச் சொல்லிக்கொடுக்கிறார். அவருக்கு இது கற்கவேண்டிய ஒரு மரபு. கற்கவேண்டிய ஒன்றைக் கல்லாதவர் இருப்பார், மெதுவாகக் கற்பவர் இருப்பார், கேட்டுக் கற்பவர் இருப்பார் என்பதற்கெல்லாம் அந்தப் பார்வையில் இடமுண்டு. 20ஆம் நூற்றாண்டு உளவியல் இதே விஷயத்தை மூளைக்குள் கொண்டுபோய் வைத்து ‘இயல்பு’ ஆக்கியது. இயல்பு என்று ஆனபின் அது வராதவர் பிறழ்ந்தவர்.

அந்தக் கதையைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ‘ஆட்டிசம்’ என்ற சொல்லை 1911 வாக்கில் ஆய்கன் ப்ளாய்லர் மனச்சிதைவு நோயாளிகளை வைத்து உருவாக்கினார். ‘தான்’ என்று பொருள்படும் கிரேக்கச் சொல் அதன் வேர். 1943இல் லியோ கானர் பதினொரு குழந்தைகளைப் பற்றியும், 1944இல் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் வியன்னாவில் சில சிறுவர்களைப் பற்றியும் எழுதினார்கள். 1985இல் பாரன்–கோஹன், லெஸ்லி, ஃப்ரித் மூவரும் பொம்மைகளை வைத்து ஒரு சோதனை நடத்தினார்கள். ஒரு பொம்மை கோலிக்குண்டைக் கூடையில் வைத்துவிட்டு வெளியே போகிறது. இன்னொரு பொம்மை அதை எடுத்துப் பெட்டியில் ஒளித்துவிடுகிறது. முதல் பொம்மை திரும்பி வந்தால் எங்கே தேடும்? ஆட்டிசம் உள்ள இருபது குழந்தைகளில் பதினாறு பேர் தப்பாகச் சொன்னார்கள். பிறருக்கும் மனம் உண்டு என்கிற கோட்பாடு இவர்களிடம் இல்லை என்ற முடிவு இப்படித்தான் பிறந்தது. சரியாகச் சொன்ன நாலு பேரைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் பெரிதாகக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

தமிழில் நம் பங்குக்கு நாமும் சொற்கள் செய்தோம். கலைக்களஞ்சிய மொழியில் ‘மதியிறுக்கம்’. அரசு விண்ணப்பங்களில் ‘புற உலகச் சிந்தனையற்றோர்’. இந்த இரண்டாவது பேரைக் கொஞ்சம் நிறுத்திப் படிக்கவேண்டும். ட்யூப்லைட்டின் ரீங்காரமும், பக்கத்து மேசையில் தட்டு வைக்கிற சத்தமும், மூணாவது ஆளின் சென்ட் வாசனையும் ஒரேயடியாக மேலே வந்து விழுகிறது, எதையும் தள்ளிவைக்க முடியவில்லை என்றுதான் ஆட்டிசம் உள்ள வளர்ந்தவர்கள் பலரும் எழுதியும் பேசியும் வருகிறார்கள். புற உலகம் அளவுக்கு மீறி உள்ளே வந்துவிடுவதுதான் அவர்கள் பிரச்சினை. அரசாங்க முத்திரையோ அவர்களுக்குப் புற உலகமே கிடையாது என்கிறது! பெயரிடுதல் ஓர் அதிகாரச் செயல் என்று ஃபூக்கோவை முன்வைத்து நாம் எவ்வளவோ பேசியாயிற்று. தாலுகா ஆபீஸ் படிவத்தில் அதைப் பார்ப்பது வேறு மாதிரி அனுபவம்.

2012இல் டேமியன் மில்டன் என்கிற ஆங்கிலேயச் சமூகவியலாளர், அவரும் ஆட்டிசம் உள்ளவர், இந்தச் சொல்லாடலைத் தலைகீழாகப் புரட்டினார். ‘இரட்டை ஒத்துணர்வுச் சிக்கல்’ என்று அதைத் தமிழில் சொல்லலாம். அவர் வாதம் எளிமையானது. இரண்டு பேர் ஒருவரையொருவர் புரிந்துகொள்ளவில்லை என்றால், அந்தப் புரியாமை இருவருக்கும் நடுவில் இருக்கிறது. ஆட்டிசம் உள்ளவர் மற்றவரின் மனதைப் படிக்கத் தவறுகிற அதே கணத்தில் மற்றவரும் இவர் மனதைப் படிக்கத் தவறுகிறார். ஆனால் ஒருவருடைய தவறலுக்கு மட்டும் நோயின் பெயர் இருக்கிறது. மற்றவருடையதற்குப் பெயரே கிடையாது. 2020இல் கேத்தரின் கிராம்ப்டனும் சகாக்களும் இதைச் சோதித்தார்கள். எட்டெட்டுப் பேராக வரிசைகள், மொத்தம் 72 பேர்; முதல் ஆளிடம் ஒரு கதை சொல்லப்படும், அவர் அடுத்தவருக்கு, அவர் அதற்கடுத்தவருக்கு. நாம் சின்ன வயதில் காதோடு காது சொல்லி விளையாடியதுதான். முழுக்க ஆட்டிசம் உள்ளவர்களின் வரிசையிலும், முழுக்க இல்லாதவர்களின் வரிசையிலும் கதை ஏறக்குறைய ஒரே அளவில்தான் தேய்ந்தது. இரு தரப்பும் மாறிமாறி நின்ற வரிசையில்தான் கதை அதிகமாகச் சிதைந்தது.

இந்த ஆய்வைப் படித்தபோது எனக்கு ஒரகடம் நினைவுக்கு வந்தது. காரணம், கலந்து நிற்கிற வரிசை என்றால் அது இந்த வட்டாரம்தான். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998இல் கார் உற்பத்தி தொடங்கியதிலிருந்து கொரியர்கள் வந்தார்கள். ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை 2010இல் திறந்தது. அதைச் சுற்றி உதிரிபாக ஆலைகள். கீழே தமிழ் மாவட்டங்கள் அத்தனையிலிருந்தும் பிள்ளைகள், கூடவே ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அஸ்ஸாம். காட்ராம்பாக்கத்திலும் மாத்தூரிலும் வாடகை வீட்டுக்காரம்மா ‘பானி’, ‘கர்ரெண்ட் பில்’ என்று ஒரு கலவை மொழி பேசக் கற்றுக்கொண்டார். இங்கே எல்லோரும் எல்லோரையும் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். கொரிய மேலாளர் குரல் உயர்த்துவது கோபமா வழக்கமா என்று தமிழ் சூப்பர்வைசருக்குத் தெரியாது. ஒடியாப் பையன் ‘ஹான் ஹான்’ என்று தலையாட்டுவது புரிந்ததாலா, புரியாததை மறைக்கவா என்று லைன் லீடருக்குத் தெரியாது. தமிழ்த் தலையாட்டல் ஆமாவா இல்லையா என்று வெளிநாட்டுக்காரருக்கு ஒருநாளும் தெரியப்போவதில்லை.

இதற்கெல்லாம் என்ன செய்தார்கள்? யாரையும் மருத்துவரிடம் அனுப்பவில்லை. மொழிபெயர்ப்பாளர் வைத்தார்கள். வேலைமுறையைப் படமாகப் போட்டு ஒவ்வொரு மேசைக்கும் மேலே தொங்கவிட்டார்கள். தமிழிலும் இந்தியிலும் பலகை எழுதினார்கள். வெளிநாட்டு மேலாளர்களுக்கு இந்தியக் கலாசாரம் பற்றி வகுப்பு எடுக்க ஆள் வைத்துக்கொள்ளும் கம்பெனிகளும் உண்டு. இரு கூட்டங்களுக்கு நடுவே நடக்கும் புரியாமை ‘நிர்வாகப் பிரச்சினை’ ஆகிறது. அதற்கு பட்ஜெட் உண்டு. அதே புரியாமை, அதே மொழியும் அதே ஊரும் கொண்ட ஒரு தனி ஆளுக்கும் மற்றவர்களுக்கும் நடுவே நடந்தால் அது அவன் குணம். தமிழ் பேசுகிறவனுக்குத் தமிழில் எதற்கய்யா துபாஷி என்று கேட்பார்கள்.

ஆலைக்குள் இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. ஜப்பானிய உற்பத்தி முறையிலிருந்து வந்த இரண்டு சொற்கள் இந்த வட்டாரத்தில் பத்தாவது படித்த பிள்ளைக்கும் தெரியும்: ‘ஆண்டான்’, ‘பொகாயோகே’. ஆண்டான் என்பது லைனுக்கு மேலே இருக்கிற விளக்குப் பலகை. பச்சை என்றால் ஓடுகிறது, சிவப்பு என்றால் நின்றுவிட்டது, மஞ்சள் என்றால் உதவி தேவை. அதற்கு உள்ளர்த்தம் கிடையாது. பொகாயோகே என்பது ஒரு பாகம் தப்பாகப் பொருந்தவே முடியாதபடி அச்சை வடிவமைப்பது. 1960களில் ஷிகேயோ ஷிங்கோ முறைப்படுத்தியது. இதன் பின்னாலிருக்கும் தத்துவத்தைக் கவனிக்கவேண்டும். ஆள் தப்புப் பண்ணினான் என்று ஆளைத் திட்டாதே, தப்புப் பண்ண இடம் கொடுத்த அமைப்பை மாற்று. இரும்புக்கும் பிளாஸ்டிக்குக்கும் இந்த மரியாதை. பேச்சுக்கு மட்டும் கிடையாது. ‘நான் சொன்னது ஒண்ணு, அவன் புரிஞ்சுக்கிட்டது ஒண்ணு’ என்றால் சொன்ன அமைப்பில் ஓட்டை இருக்கிறதா என்று ஐந்து முறை ‘ஏன்’ கேட்கிற தர மேலாளரை நான் இன்னும் பார்க்கவில்லை.

லைனில் நிற்கிறவரை ஆட்டிசம் உள்ள பலருக்குப் பெரிய சிக்கல் இருப்பதில்லை. வேலை எழுதப்பட்டிருக்கிறது, வரிசை மாறாது, பிரஸ் ஷாப்பில் காதடைப்பான் போட்டுக்கொண்டால் யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். பிரச்சினை ஆரம்பிப்பது கேன்டீனில், பஸ்ஸில், விடுதியில், எச்.ஆர். அறையில். எனக்குப் பழக்கமான ஒருவர், ஓர் உதிரிபாக ஆலையில் தரச் சோதனையில் இருந்தவர், ஒரு நோட்டு வைத்திருந்தார். இடதுபக்கம் சொன்னது, வலதுபக்கம் அதற்கு அர்த்தம். ‘பாக்கலாம்’ – நடக்காது. ‘பாத்துப் பண்ணு’ – தப்பானால் உன் தலையில். ‘சும்மாதான் கேட்டேன்’ – சும்மா கேட்கவில்லை. ‘சாப்டாச்சா?’ – சாப்பாட்டைப் பற்றியது அல்ல, ‘ஆச்சு, நீங்க?’ என்று முடித்துவிடவேண்டும். என்ன சாப்பிட்டோம் என்று விவரிக்கத் தொடங்கக்கூடாது. ‘உன் இஷ்டம்’ – கோபமாக இருக்கிறார்கள். பவணந்தி செய்த அதே காரியம். வெறும் அனுபவத்திலிருந்து தன் சொந்தச் சூத்திரங்களை எழுதிக்கொண்டிருந்தார் மனுஷன். அந்த நோட்டில் ஓர் இடம் காலியாக இருந்தது. ‘கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்க’ என்பதற்கு வலதுபக்கம் ஒன்றும் எழுதவில்லை. ஒவ்வொரு தடவையும் வேறவேற அர்த்தம் வருது, எழுத முடியல என்றார்.

கண்ணைப் பார்த்துப் பேசுவதை எடுத்துக்கொள்வோம். இந்தியாவில் ஆட்டிசச் சான்றிதழுக்குப் பயன்படும் ஐ.எஸ்.ஏ.ஏ. என்கிற அளவுகோல் 2009இல் வெளியானது. நாற்பது கூறுகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். கண்ணோடு கண் பார்க்காமை அந்த நாற்பதில் ஒன்று. சொல்லின் உள்ளர்த்தத்தைப் பிடிக்க முடியாமையும் ஒன்று. நம்மூரில் பெரியவர் முன்னால், மேலதிகாரி முன்னால், தலையைக் குனிந்து நின்றால் அடக்கமான பிள்ளை. அதே தலைகுனிவு எச்.ஆர். நேர்காணலில் ‘கான்ஃபிடன்ஸ் பத்தல’. மருத்துவமனையில் அது நோய்க்குறி. நிமிர்ந்து பார்த்தாலும் ஆபத்து விடுவதில்லை. எவ்வளவு நேரம் பார்ப்பது, எப்போது விலக்கிக்கொள்வது என்று தெரியாமல் பார்த்துக்கொண்டே இருந்தால் ‘மொறைக்கிறான்’. யார் யாரைக் கண்ணெடுத்துப் பார்க்கலாம் என்பதைச் சாதியும் பாலும் பதவியும் தீர்மானித்துவந்த ஒரு சமூகத்தில், கண்பார்வையை வெறும் நரம்பியல் அளவையாக எடுத்துக்கொள்ள முடியுமா?

திருக்குறளில் ‘குறிப்பறிதல்’ என்று இரண்டு அதிகாரங்கள் உண்டு. ஒன்று பொருட்பாலில், அமைச்சியலில் வருகிற 71ஆவது. இன்னொன்று காமத்துப்பாலில், 110ஆவது. முதலாவதற்குப் பரிமேலழகர் தருகிற விளக்கம், அரசன் சொல்லாமலே அவன் கருதியதை அறிவது. மன்னரைச் சேர்ந்து ஒழுகுவது எப்படி என்கிற அதிகாரத்தை அடுத்து அது வருவது தற்செயலல்ல. அமைச்சன் அரசன் மனதைப் படிக்கவேண்டும். அரசன் அமைச்சன் மனதைப் படிக்கவேண்டும் என்று தனியே ஓர் அதிகாரம் வைக்கப்படவில்லை. காமத்துப்பாலில் வருகிறது வேறு வகை. அங்கே காதலன் காதலியின் பார்வையைத் தடுமாறித் தடுமாறிப் படிக்கிறான், தப்பாகப் படிக்கவும் செய்யலாம், தோழியும் படிக்கிறாள். அங்கே குறிப்பறியாதவனுக்கு வேலை போவதில்லை. கொரிய மொழியிலும் இதற்கு ‘நுன்ச்சி’ என்று ஒரு சொல் இருக்கிறது. ‘கண் அளவு’ என்பது நேர்ப்பொருள். இருக்கிற இடத்தின் காற்றைக் கண்ணால் அளந்து நடந்துகொள்வது. கொரிய மேலாளரும் தமிழ் சூப்பர்வைசரும் மொழி தெரியாமலே ஒத்துப்போகிற இடம் இதுதான்போல: கீழே இருக்கிறவன் புரிந்துகொள்ளவேண்டும்.

இப்போது மறுபடி ‘ஓ.டி. பாக்குறியா?’வுக்கு வருவோம். ஏன் அது கேள்வியாக இருக்கிறது? ‘நாளைக்கு ரெண்டு மணி நேரம் கூட நில்லு’ என்று நேராகவே சொல்லிவிட்டுப் போகலாமே? பணிவு, நாகரிகம் என்றெல்லாம் காரணம் சொல்லலாம். சட்டத்தைப் பார்த்தால் வேறொரு காரணம் தெரிகிறது. 1948ஆம் வருஷத் தொழிற்சாலைகள் சட்டம் நாளுக்கு 9 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வரையறுத்து, மிகை நேரத்துக்கு இரட்டைக் கூலி விதித்தது. அதன் இடத்தில் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிற 2020ஆம் வருஷப் பணிப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு, மிகை நேர வேலைக்குத் தொழிலாளியின் சம்மதம் வேண்டும் என்கிறது. சம்மதம் வேண்டுமென்றால் கேட்டாகவேண்டும். கேட்டால் மறுக்கலாம். மறுக்க முடியாதபடி கேட்பதற்குத்தான் ஏவல் வினா. பின்னால் யாராவது விசாரித்தால், ‘நான் கேட்டேன் சார், அவன்தான் சரின்னான்’ என்று சொல்லிக்கொள்ளலாம்.

2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் 12 மணிநேர வேலைக்கு வழிவிடும் திருத்தத்தை நிறைவேற்றியபோது ஆட்சித் தரப்பு சொன்ன விளக்கம் நினைவிருக்கலாம்: விரும்புகிற தொழிலாளர்களுக்கு மட்டும்தான். தொழிற்சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளும் ‘விரும்புகிற’ என்ற அந்தச் சொல்லையே பிடித்துக்கொண்டு எதிர்த்தன. மே 1 அன்று அது திரும்பப் பெறப்பட்டது. ஆலையில் விருப்பம் என்பதற்கு என்ன அர்த்தம் என்று தெரிந்தவர்கள் போட்ட கூச்சல் அது. ஆட்டிசம் உள்ள அந்த மனிதர் தனியாக, எந்தக் கோஷமும் இல்லாமல், அதே வாக்கியத்தை எழுத்தெழுத்தாக நம்பிவிட்டார். சட்டம் எப்படிப் படிக்கச் சொல்கிறதோ அப்படிப் படித்தார். அவர் புரிந்துகொண்டதில் என்ன பிழை என்று எனக்குத் தெரியவில்லை. மற்ற நாலு பேரும் அந்த வாக்கியத்தின் பொய்க்கு ஒத்துழைத்தார்கள், இவருக்கு ஒத்துழைக்கத் தெரியவில்லை. ஒத்துழைப்பதைத்தான் ‘சமூகத் திறன்’ என்று அளக்கிறோமோ?

நேரான பதில் வேண்டும் என்பது ஆட்டிசத்துக்கு மட்டும் உரிய பிடிவாதமும் அல்ல. 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாட்டால் நோயுற்ற பெண்கள் என்ன ஆனார்கள் என்று தெரியாமல் ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளர்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்தார்கள். ‘எல்லாம் நல்லா இருக்காங்க’ என்கிற பதில் அவர்களுக்குப் போதவில்லை. 2024 செப்டம்பர் 9 முதல் ஒரு மாதத்துக்கும் மேலாகச் சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது கேட்டதும், ஒரு கோணத்தில், வாய்வார்த்தையை எழுத்தாக்கித் தரச்சொல்லித்தான். அவர்கள் சங்கம் 2025 ஜனவரியில் பதிவானது. குறிப்பறிந்து நடந்துகொள்ள மறுப்பது கூட்டமாகச் செய்தால் போராட்டம், தனியாளாகச் செய்தால் குறைபாடு. எழுதப்பட்ட ஒப்பந்தம் உள்ள ஆலையில் ஆட்டிசம் உள்ளவர் கொஞ்சம் நிம்மதியாக மூச்சுவிடலாம் என்பதையும் இதோடு சேர்த்துச் சொல்லவேண்டும். ஆனால் காண்ட்ராக்டும் ட்ரெயினியும் பொதுவாக அந்த எழுத்துக்கு வெளியே நிற்கிறார்கள்.

மாற்றுத்திறனாளிகள் சட்டம் இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. 1995 சட்டத்தின் ஏழு வகைகளில் ஆட்டிசம் இல்லை. 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் வந்தது. 2016 சட்டம் பட்டியலை 21 ஆக்கி அதில் ஆட்டிசத்தையும் சேர்த்தது. அரசு வேலையில் 4 விழுக்காடு ஒதுக்கீடு, அதில் ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய் எல்லாவற்றுக்கும் சேர்த்து 1. வேலையில் பாகுபாடு கூடாது, தேவைக்கேற்ப ஏற்பாடு செய்து தரவேண்டும் என்று சொல்லும் 20ஆவது பிரிவு அரசு நிறுவனங்களைப் பார்த்துப் பேசுகிறது. தனியாருக்கு 21ஆவது பிரிவின்படி சமவாய்ப்புக் கொள்கை ஒன்றை எழுதி வெளியிடும் கடமை உண்டு. ஒரகடத்தில் இருப்பதெல்லாம் தனியார். சக்கர நாற்காலிக்குச் சரிவுப்பாதை போடுவது கொள்கையில் சுலபமாக எழுதிவிடலாம். ‘குறிப்பாகச் சொல்லாமல் நேராகச் சொல்லவும்’ என்று எந்தக் கொள்கையில் எழுதுவார்கள்? அதையும் கேட்டு வாங்குவதற்குச் சான்றிதழ் வேண்டும், சான்றிதழுக்குச் சிறுவயது வரலாறு வேண்டும், அதற்குப் பெற்றோர் வரவேண்டும். தர்மபுரியிலிருந்து வந்து எட்டுப் பேரோடு ஒரே அறையில் தங்கியிருக்கிற 23 வயதுப் பெண்ணுக்கு, தன்னை ‘அமுக்கினி’ என்று கூப்பிடுகிறவர்கள் நடுவே, இது ஆகிற காரியமா? பெண்கள் விஷயத்தில் இன்னொரு சிரமமும் உண்டு. சின்ன வயதிலிருந்தே சிரிக்கவும் ஒத்துப்போகவும் அடித்துப் பழக்கப்பட்டவர்கள் வேடம் கட்டுவதில் தேர்ந்துவிடுகிறார்கள். வெளியே ஒன்றும் தெரியாது. காஞ்சிபுரம் பக்கத்துக் கூத்துக்காரர் விடிந்ததும் முகத்தைத் துடைத்துக்கொள்கிறார். விடுதியில் இருக்கிறவருக்கு ஷிஃப்ட் முடிந்தாலும் வேடத்தைக் கலைக்கத் தனி மூலை கிடையாது. வல்லம்–வடகாலில் 2024இல் திறக்கப்பட்ட விடுதித் தொகுப்பு 18,720 பெண்கள் தங்குவதற்கானது.

வேறொரு பக்கமிருந்து ஒரு வரவேற்பும் கேட்கிறது. எஸ்.ஏ.பி. என்கிற ஜெர்மன் மென்பொருள் நிறுவனம் 2013இல் ஆட்டிசம் உள்ளவர்களை வேலைக்கு எடுக்கும் திட்டத்தை அறிவித்ததிலிருந்து, ‘இவர்கள் நுணுக்கமாகப் பார்ப்பார்கள், சலிக்கமாட்டார்கள், அரட்டையடிக்கமாட்டார்கள்’ என்கிற மேலாண்மைப் பேச்சு பரவியிருக்கிறது. நல்லெண்ணமாக இருக்கலாம். சலிக்காத, பேசாத, பழுதைத் தவறவிடாத தொழிலாளி என்பது முதலாளியின் பழைய கனவு என்பதையும் மறந்துவிடக்கூடாது. நுணுக்கம் இல்லாத, சலிப்படைகிற, வேலையில் சுமாரான ஆட்டிசக்காரருக்கும் வாழவேண்டியிருக்கிறது.

அன்றாடத்தில் அவர்கள் செய்துகொள்வது என்னவென்றால், சின்னச்சின்ன உபாயங்கள்தான். கேட்டதைத் திருப்பிச் சொல்லிப் பார்ப்பது: ‘அப்ப நான் நாளைக்கு ஆறு மணி வரைக்கும் நிக்கணும், சரியாண்ணே?’ முக்கியமானதை வாட்ஸ்அப்பில் போடச்சொல்வது. நம்பிக்கையான ஒரு சகாவிடம் ‘அவர் இப்ப கோவமாவா சொன்னாரு?’ என்று தனியே விசாரிப்பது. அந்தச் சகாதான் சம்பளமில்லாத துபாஷி. பஸ்ஸில் ஜன்னலோரம் கண்ணை மூடிக்கொள்வது. தூங்குகிறவனிடம் யாரும் பேசமாட்டார்கள். எதிர்ப்பக்கத்திலிருந்து செய்யக்கூடியது இதைவிடச் சுலபம். கேள்வியைக் கேள்வியாகவும் உத்தரவை உத்தரவாகவும் சொல்வது. ‘நாளைக்கு ஆறு வரைக்கும் ஆள் வேணும். முடியும்னா சொல்லு, முடியலன்னாலும் பரவாயில்ல.’

எனக்குப் பழக்கமான அந்த நோட்டுக்காரரிடம் ஒரு லைன் லீடர் இப்படியே பேசப் பழகினாராம். நல்ல மனிதர். எல்லாம் சரியாகத்தான் போனது, மாதக் கடைசிவரைக்கும். கடைசி வாரத்தில் லோடு ஏற, அவர் அந்த வாக்கியத்தின் முதல் பாதியை மட்டும் சொன்னார். இரண்டாம் பாதி எங்கேண்ணே என்று இவர் கேட்டிருக்கிறார். லைன் லீடர் மேலே கண்ணாடி அறைப்பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, அவரும் காண்ட்ராக்ட்தான், “இந்த வாரம் அத என்னால சொல்ல முடியாதுடா தம்பி” என்றாராம்.